அடுத்தடுத்து வரக் கூடாத ரெண்டு பேர்

இந்த வாரம் முருங்கை கவாத்து பத்தி எழுதறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். நடுவுல வீட்டுக்குள்ள ஒரு கணக்கு வந்து உட்கார்ந்துக்கிச்சு. அதை எழுதி முடிக்காம வேற எதையும் எழுத ஓடல.

எங்க சின்னவ பதினொண்ணாவது படிக்கிறா. கணக்கு குரூப். காலாண்டுப் பரீட்சையில கணக்குல 90-க்கு 19 வாங்கிட்டு வந்தா. பேப்பரை எங்ககிட்ட காட்டல. பையைத் துவைக்கப் போடும்போது அவ அம்மா உதறினா, நாலா மடிச்ச பேப்பர் கீழ விழுந்துச்சு. நான் திட்டல. அவளே சொன்னா: "எனக்கு இந்த குரூப் வராதுப்பா. பன்னெண்டாவதோட நிறுத்திக்கிறேன். அப்புறம் உங்ககூட காட்டுக்கு வந்துடறேன்."

காட்டுக்கு வர்றது ஒண்ணும் கேவலம் இல்ல. நான் வந்து முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. ஆனா கணக்குக்குப் பயந்து காட்டுக்கு வர்றவ, காட்டுல இருக்கிற கணக்கைப் பார்த்தா எங்க ஓடுவா?

பேப்பரை எடுத்துப் பார்த்தேன். நான் பத்தாவது வரைதான், அதுலயும் கணக்கு 41 மார்க். அதனால பாதி புரியல. ஆனா ஒண்ணு மட்டும் தெரிஞ்சுது. 'சேர்ப்பியல்'னு ஒரு பாடம், அதுலதான் நிறைய இடத்துல சிவப்பு மையில வட்டம். சூத்திரம் எல்லாம் சரியா எழுதியிருக்கா. கேள்வியில "பக்கத்துப் பக்கத்தில் வரக் கூடாது", "குறைந்தது இருவர்", "இருவரும் சேர்ந்தே" இந்த மாதிரி ஒரு வால் ஒட்டியிருந்தா அங்க மட்டும் தடுமாறியிருக்கா. அந்த வாலுக்குப் பேரு நிபந்தனையாம்.

புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு வட்ட மேஜையில இத்தனை பேரை உட்கார வை, இன்னார் பக்கத்துல இன்னார் உட்காரக் கூடாது. இத்தனை ஆம்பளை, இத்தனை பொம்பளையில இருந்து ஒரு குழு போடு, குறைஞ்சது ரெண்டு பொம்பளை இருக்கணும். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இது நம்ம ஊர்ல கல்யாணப் பந்திக்கு இலை போடறவன் தினமும் பண்ற வேலையாச்சே! யாரை யார் பக்கத்துல உட்கார வச்சா சண்டை வரும்னு தெரியாம ஒருத்தன் பந்தி விசாரிக்க முடியுமா?

அவகிட்டச் சொன்னேன். அவ சிரிக்கல. "அப்பா, எப்படி உட்கார வைக்கிறதுன்னு கேக்கல. எத்தனை விதமா உட்கார வைக்கலாம்னு கேக்கறாங்க" அப்படின்னா. அதுவும் சரிதான்.

முதல்ல வழி காட்டினது நான் இல்ல, எங்க வீட்டம்மா. அவ அஞ்சாவது வரை படிச்சவ. தக்காளி பறிக்க ஆள் சொல்லி விடறது அவ பொறுப்பு. வழக்கமா வர்றவங்க ஒன்பது பேர். அன்னைக்கு அஞ்சு பேர் போதும். அந்த ஒன்பதுல ஒரு மாமியாரும் மருமகளும் ஒரே ஸ்கூட்டில வர்றவங்க. வந்தா ரெண்டு பேரும் வருவாங்க, இல்லாட்டி ரெண்டு பேருமே இல்ல. அடுப்படியில நின்னுக்கிட்டு அவ முணுமுணுத்தா: "ஸ்கூட்டிக்காரிகளைக் கூப்பிட்டா இன்னும் மூணு பேர் பார்க்கணும். கூப்பிடலைன்னா மத்த ஏழு பேர்ல அஞ்சு பேரைப் பிடிக்கணும்."

சின்னவ தட்டைக் கீழ வச்சுட்டு நோட்டை எடுத்தா. ஏழுல மூணு பேரைத் தேர்ந்தெடுக்க 35 வழி. ஏழுல அஞ்சு பேருக்கு 21 வழி. மொத்தம் 56. பேப்பர்ல இதே மாதிரி கேள்விக்கு அவ ஒன்பதுல அஞ்சுன்னு ஒரே அடியா 126 போட்டிருந்தா. ஸ்கூட்டியை அவ பார்க்கவே இல்ல. "நிபந்தனை இருந்தா முதல்ல அதை வச்சு ரெண்டாப் பிரிக்கணும் போலப்பா. அப்புறம்தான் சூத்திரம்" அப்படின்னா. அவ அம்மா, "என்ன பிரிக்கணும்?"னு கேட்டா. சோறு ஆறிப்போச்சு.

சரி, வழி கிடைச்சுதுன்னு எனக்கும் ஒரு ஆசை. எங்க கிணத்து முறையை ஒரு கணக்கா எழுதிக் கொடுத்தேன். இங்கதான் விவகாரம்.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு முறைன்னா என்னன்னு சொல்லிடறேன். எங்க கிணறு பங்குக் கிணறு. அஞ்சு பங்கு, ஒரே மோட்டார். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நாள் தண்ணி, காலையில ஆறு மணியில இருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை. அஞ்சு நாள்ல ஒரு சுத்து முடிஞ்சு மறுபடி ஆரம்பிக்கும். முறை மாறும்போது பழைய முறைக்காரரும் புது முறைக்காரரும் கிணத்து மேட்டுல நிக்கணும். அவர் தன்னோட பைப்பை அடைக்கணும், இவர் தன்னோடதைத் திறக்கணும், மோட்டார் ரூம் சாவி கைமாறணும். சாவியைக் கல்லு மேல வச்சுட்டுப் போற பழக்கம் எங்க ஊர்ல இல்ல. கையிலதான் கொடுப்பாங்க.

அஞ்சு பங்குக்காரங்க யாருன்னா நான், எங்க அண்ணன், தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை, ரிட்டையர்டு வாத்தியார், அவருக்குக் கீழ்க்காட்டுல இருக்கிற பெரியவர். கேள்வியை இப்படி எழுதினேன்: "அஞ்சு பேர் வரிசையா தண்ணி எடுக்கிறாங்க. அதுல குறிப்பிட்ட ரெண்டு பேர் அடுத்தடுத்து வரக் கூடாது. எத்தனை விதமா முறை போடலாம்?"

எந்த ரெண்டு பேருன்னு அவ கேக்கல.

ஆறு வருஷமா நானும் அண்ணனும் பேசறதில்ல. வரப்புல ஒரு வேம்பு நின்னுச்சு. பயிருக்கு நிழல் விழுதுன்னு அவர் வெட்டினார். அப்பா வச்ச மரம்னு நான் பேசினேன். மரம் ஒண்ணுதான், பேசினதுதான் அதிகம். அதுக்கு மேல அதைப் பத்தி இங்க எழுதல.

அவ உடனே போட்டா. அஞ்சு பேரை எப்படி வேணாலும் நிறுத்த 120 வழி. 5-க்குப் பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி போடறாங்க. என்ன ஆச்சரியம்னு கேட்டேன், முறைச்சா. அது ஃபேக்டோரியலாம், அஞ்சு பெருக்கல் நாலு பெருக்கல் மூணுன்னு ஒண்ணு வரைக்கும் இறங்கி வர்றது. ரெண்டு பேரும் அடுத்தடுத்து வர்ற வழி எத்தனைன்னு பார்க்க அவங்களை ஒரே மூட்டையாக் கட்டிடணும். இப்ப மூட்டையோட சேர்த்து நாலு உருப்படி, 24 வழி. மூட்டைக்குள்ள யார் முன்னாடி யார் பின்னாடின்னு ரெண்டு வழி. ஆக 48. 120-ல 48-ஐக் கழிச்சா 72. சரி பார்க்க இன்னொரு வழியும் போட்டா. சண்டை இல்லாத மூணு பேரை முதல்ல நிறுத்து, 6 வழி. அவங்களுக்கு நடுவுலயும் ரெண்டு ஓரத்துலயும் சேர்த்து நாலு சந்து. அந்த நாலு சந்துல சண்டைக்காரங்க ரெண்டு பேரையும் வேற வேற சந்துல சொருகு, 12 வழி. ஆறு பன்னெண்டு 72. ரெண்டு வழியிலயும் ஒரே விடை வந்ததும் அவ முகத்தைப் பார்க்கணுமே!

"சரி, அந்த 72-ல ஏதாவது ஒண்ணை எழுதிக் காட்டு"ன்னேன். எழுதினா: அப்பா, மாமா, வாத்தியார், தாத்தா, பெரியப்பா. பெரியவரை அவ தாத்தான்னுதான் கூப்பிடுவா.

"அஞ்சாம் நாள் பெரியப்பா முறை. ஆறாம் நாள் காலையில அவர் சாவியை யார் கையில கொடுப்பார்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் மெதுவா, "உங்க கையில" அப்படின்னா.

புத்தகத்துல ஆளுங்க பெஞ்சுல உட்கார்றாங்க, போட்டோவுக்கு நிக்கிறாங்க. ஓரத்துல நிக்கிறவனுக்கு ஒரு பக்கம்தான் ஆள். தண்ணி முறைக்கு ஓரமே கிடையாது. கடைசி ஆளுக்கு அடுத்தவன் முதல் ஆள். நான் கேள்வியில "வரிசையா"ன்னு எழுதினதே தப்பு. அவ அதைச் சரி பண்ணினா. 72-ல அந்த ரெண்டு பேரும் முதலும் கடைசியுமா நிக்கிற வழிகள் 12, அதைத் தூக்கிப் போட்டா 60. ஒரே சுத்தையே எந்த ஆள்ல இருந்து வேணாலும் எழுத ஆரம்பிக்கலாம், அதனால ஒவ்வொரு முறையும் அஞ்சு தடவை வந்திருக்கு. அஞ்சால வகுத்தா 12. வட்ட வரிசைன்னு புத்தகத்துலயே இருக்காம். ஒரு ஆளை நகராம நிறுத்திட்டு மத்த நாலு பேரை மட்டும் மாத்தினா மொத்தம் 24. அதுல பாதியில நாங்க சேர்ந்து வர்றோம், பாதியில வரல.

பூமாலையா இருந்தா திருப்பிப் போட்டாலும் அதே மாலைதான், அதனால அதுக்கு இன்னொரு பாதி குறையும்னா. தண்ணி முறை மாலை மாதிரி இல்ல. யார்கிட்ட இருந்து வாங்கறோம், யாருக்குக் கொடுக்கறோம்கிறது வேற வேற. திருப்பினா ஊரே திரும்பிடும்.

இந்த 24-ன்னதும் அவங்க கணக்கு சார் சொன்ன ஒரு விஷயத்தைச் சொன்னா. பெருமாளுக்கு நாலு கை. சங்கு, சக்கரம், கதை, தாமரை நாலையும் கை மாத்தி மாத்திக் கொடுத்தா 24 விதம். கேசவன், நாராயணன், மாதவன்னு 24 பேரும் அப்படித்தான், எந்தக் கையில எதுங்கிறதை வச்சு. பாஸ்கராச்சாரியார் 1150-ல எழுதின லீலாவதியில இது ஒரு கணக்காவே வருதாம். கூடவே சிவனுக்குப் பத்துக் கை, பத்துப் பொருள், அதுக்கு விடை 36,28,800. நான் சனிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவன், பெருமாள் எந்தக் கையில எதை வச்சிருக்கார்னு ஒரு நாளும் கவனிச்சதில்ல.

விட்டிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். நான்தான் இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தேன். வாத்தியார் காட்டைத் தாண்டித்தான் பெரியவர் காட்டுக்கு ஓஸ் போகுது. அவங்க ரெண்டு பேர் முறையும் அடுத்தடுத்து இருந்தா ஒரு மூட்டைக் கழட்டி மாட்டினா போதும். தள்ளிப் போனா அத்தனை ஓஸையும் சுருட்டணும், மறுபடி இழுக்கணும். அதனால அவங்க ரெண்டு பேரும் சேர்ந்தே வரணும்.

அவ போட்டா. 12 வழி 4 ஆச்சு. நாலையும் எழுதிப் பார்த்துட்டு, "அப்பா, எல்லாத்துலயும் மாமாதான் நடுவுல" அப்படின்னா.

ஆமா. எனக்கும் அண்ணனுக்கும் ஒரு பக்கம் வாத்தியாரும் பெரியவரும், இன்னொரு பக்கம் மாப்பிள்ளை. வேற வழியே இல்ல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி டீக்கடையில உட்கார்ந்து அரை மணி நேரத்துல முறையை மாத்திப் போட்டோம், எந்தச் சூத்திரமும் இல்லாம. அப்பாவோட ரெண்டு பங்கும் அடுத்தடுத்து இருந்ததைப் பிரிச்சு நடுவுல மாப்பிள்ளையை வச்சோம். அது தற்செயல்னு இத்தனை நாளா நினைச்சிருந்தேன். மோட்டார் காயில் கட்டின செலவு, ஃபுட்வால்வு மாத்தின செலவு எல்லாம் அவர் மூலமாத்தான் அங்கிட்டும் இங்கிட்டும் போகும். அண்ணன் சொல்றதை என்கிட்ட சொல்லும்போது நாலு வார்த்தையை முழுங்கிட்டுத்தான் சொல்வார். நான் சொல்றதையும் அப்படித்தான் கொண்டு போயிருப்பார்.

அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சு, மார்கழியில மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். காட்டை வித்துட்டு திருப்பூருக்குப் பையன்கூடப் போறாராம். வாங்கினவர் போர் போட்டுக்கிட்டார், கிணத்துப் பங்கு வேண்டாம்னுட்டார். தை பொறந்தா நாலு பேர் முறை.

அவர் காபி குடிச்சுட்டுக் கிளம்பின உடனே சின்னவ நோட்டை எடுத்தா. நான் சொல்லல. நாலு பேர் வட்டத்துல 6 வழி. வாத்தியாரும் தாத்தாவும் ஒரு மூட்டை. அப்பா, பெரியப்பா. மூணு உருப்படி ஒரு வட்டத்துல நின்னா ஒவ்வொருத்தனும் மத்த ரெண்டு பேருக்கும் பக்கம்தான்.

"பூஜ்ஜியம்ப்பா" அப்படின்னா. "கணக்குல தப்பு இல்ல. ரெண்டு தடவை பார்த்துட்டேன். ரெண்டு நிபந்தனையும் இருந்தா வழியே இல்ல. தாத்தாவோட நிபந்தனையை எடுத்துட்டா 2 வழி. இன்னொண்ணை எடுத்துட்டா 4."

இன்னொண்ணுன்னுதான் சொன்னா. அது என்னன்னு அவளும் சொல்லல, நானும் கேக்கல.

மறுநாள் நான் நேரா பெரியவர்கிட்டதான் போனேன். உள்ளதைச் சொல்லிடறேன், எனக்கு அதுதான் சுலபமாத் தெரிஞ்சுது. உங்க முறையையும் வாத்தியார் முறையையும் தள்ளிப் போட வேண்டியிருக்குன்னேன். அவருக்கு எழுபத்தாறு வயசு. ஏன்னு கேக்கல. "அதுக்கென்னப்பா, ஓஸை இழுத்துக்கலாம்" அப்படின்னார். சொல்லிட்டு முழங்காலைப் பிடிச்சுக்கிட்டுத் திண்ணையில உட்கார்ந்தார். ஏன்னு அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அவர் ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாம இருந்திருக்கும்.

வீட்டுக்கு வர்ற வழியில வாத்தியார் வீட்டுல நின்னேன். பெரியவர் முறை உங்க முறைக்கு அடுத்தே இருக்கட்டும், எனக்கு அடுத்தது முன்னாடி யாரா இருந்தாலும் சரின்னு சொல்லிட்டு வந்தேன். அவர் அண்ணன்கிட்ட போய்ச் சொல்லியிருக்கார். அண்ணன், "அவன் சரின்னா சரி"ன்னாராம். முழுங்கினது போக மிச்சமா, இல்ல அவ்வளவுதான் சொன்னாரான்னு தெரியல. வாத்தியார் மாப்பிள்ளை மாதிரி பழகினவர் இல்ல.

நாலு வழியில ஒண்ணை எடுத்தோம். வாத்தியார், பெரியவர், அண்ணன், நான்.

தை நாலாம் தேதி என் முதல் முறை. அஞ்சரைக்கே போனேன், பனி. அண்ணன் எனக்கு முன்னாடியே மோட்டார் ரூம் படியில உட்கார்ந்திருந்தார், தலையில துண்டு. பைப்பை அடைச்சுட்டு வந்தார். சாவியை நீட்டினார். "ஃபுட்வால்வு காத்து இழுக்குது. தண்ணி ஊத்திட்டுப் போடு" அப்படின்னார். சரின்னேன். ஆறு வருஷத்துக்கு அப்புறம் பேசின பேச்சு அதுதான்.

ரெண்டாவது சுத்துல எதுவும் பேசல. மூணாவது சுத்துல சாவியைக் கொடுத்துட்டுப் போனவர் நின்னு திரும்பினார்.

"சின்னவ கணக்குல எவ்வளவு வாங்கினா?"

"அரையாண்டுல 47."

"நூத்துக்கா?"

"தொண்ணூறுக்கு. காலாண்டுல 19."

கொஞ்ச நேரம் நின்னார். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வரப்புல ஏறிப் போயிட்டார். நான் தண்ணி ஊத்தி மோட்டாரைப் போட்டேன். அடுத்த முறை வெள்ளிக்கிழமை வருது. ஃபுட்வால்வு மாத்தணும், ஆளுக்கு எவ்வளவுன்னு இந்தத் தடவை நான்தான் அவர்கிட்ட சொல்லணும்.